மாலை போட்ட ஏப்ரல்

திருத்தங்கலை விட்டு நான் நடக்கத் தொடங்கியபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆமத்தூர் வழியாக விருதுநகர் போகிற ரோடு. தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு போர்வை. விரல்களை மோந்து பார்த்தால் எரிந்த காகிதத்தின் வாடை. பிரஸ்ஸில் மை போக்குவதற்கு வைத்திருக்கும் சோப்பைப் போட்டுக் கழுவியும் அது போகவில்லை.

பின்னால் வந்த பஸ் என் பக்கத்தில் வேகம் குறைந்தது. கண்டக்டர் படியில் நின்றபடி, “ஏறுங்கண்ணே, காலியாத்தான் வருது” என்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

“நடந்தே வாறேன்னு சாமிக்கு நேந்துக்கிட்டீகளோ” என்று கேட்டுவிட்டு விசிலடித்தார். பஸ் போய்விட்டது.

நேர்ச்சை ஒன்றுமில்லை. ஒரு விஷயம் பிடிபடாமல் மண்டைக்குள் கிடந்தால் எனக்கு நடக்க வேண்டும். உட்கார்ந்தால் அதுவும் கூடவே உட்கார்ந்துகொள்ளும்.

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர், நீங்கள் ஏன் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை என்று கேட்டு எழுதியிருந்தார். சண்டை போட்டு விட்ட வேலைகள் உண்டு. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் விட்டவை உண்டு. திருத்தங்கல் பிரஸ்ஸை ஏன் விட்டேன் என்பதற்கு மட்டும் என்னிடம் நேரான பதில் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

காலண்டர் சீசன்

ஆலங்குளத்தில் சுண்ணாம்புக் கல் உடைத்ததைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அங்கே நெஞ்சில் தூசி அடைத்து இருமல் பிடித்தபோது, தெரிந்த லாரிக்காரர் ஒருவர் என்னைத் திருத்தங்கலில் இறக்கிவிட்டார். காலண்டர் சீசன். எந்த பிரஸ்ஸுக்குப் போனாலும் ஆள் கேட்டார்கள். செல்வமணி அண்ணாச்சியின் பிரஸ்ஸில் காகிதக் கட்டுத் தூக்குகிற வேலை கிடைத்தது. ராத்திரி கட்டுகளுக்கு மேலேயே படுத்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சி வியாபாரக் குடும்பம். கோபம் வந்தால் கத்துவார், அரைமணி நேரத்தில் டீ வாங்கிக் கொடுப்பார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

அந்த சீசனில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் இருந்தது. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில், அந்த நாட்டின் பூர்வகுடிகள் வாழும் ஒரு சின்னக் குடியிருப்பு. அங்கே ஓர் ஆஸ்பத்திரி. அதில் நர்ஸாக இருப்பவர் ஆமத்தூர்க்காரர், பெயர் ஜெயராணி. அந்த ஊருக்கான காலண்டரைச் சொந்த ஊர்ப் பக்கமே அடிக்கலாம் என்று ஆர்டர் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படங்கள். சிவப்பு மணல், சிவப்புப் பாறை, நாய்கள், ஒரு பழைய மாதா கோயில், உடைந்த தண்ணீர்த் தொட்டி.

ஏப்ரல் மாதத்துக்கு ஒரு பெரியவர். தலையில் தொப்பி, நரைத்த தாடி. மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையால் எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். படத்தில் இல்லாத எதையோ.

பாதி வேலை முடிந்திருந்தபோது ஜெயராணி போனில் குரல் செய்தி அனுப்பினார். அண்ணாச்சி அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டார்.

“அண்ணாச்சி, அந்த ஏப்ரல் படத்துல இருக்கவுக தவறிட்டாக. எங்கூட வேலை பாக்குற ரூபியோட அண்ணன்தான். அந்தப் படத்தைக் கவனிச்சுக்கோங்க. நாங்க ரெண்டு பேரும் அடுத்த மாசம் என் தங்கச்சி கல்யாணத்துக்கு அங்கன வாறோம்.”

அண்ணாச்சி கவனித்துக்கொண்டார். மிஷினை நிறுத்தச் சொன்னார். டிசைன் போடுகிற பையனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் செய்தார். பெரியவரைச் சுற்றி ரோஜா மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நம் ஊரில் அஞ்சலி சுவரொட்டிக்கு எப்போதும் செய்வதுபோல முகத்தை இரண்டு சுற்று வெளுப்பாக்கினார்கள். கீழே பெயர், பெரிய எழுத்தில். கூடுதல் செலவு அண்ணாச்சியுடையது.

“கண்ணுக்கு எட்டாத ஊர்லருந்து நம்மள நம்பிக் கொடுத்திருக்காக. சாவுக்குப் போக முடியாது. ஒரு மாலையாவது போடணும்லா” என்றார்.

எங்கள் எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. எனக்கும்தான்.

சுவரைப் பார்த்து நின்ற அம்மா

அவர்கள் வந்த அன்று அண்ணாச்சி வாசலில் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருந்தார். ரூபிக்கு அறுபது வயது இருக்கும். கட்டையான உருவம், நல்ல கறுப்பு, பூப்போட்ட பாவாடை. எங்களைப் பார்த்துச் சிரித்தார். தெருவில் போனால் நம் ஊர்க்காரர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். காபி குடித்தார். மிஷினைத் தொட்டுப் பார்த்தார்.

அண்ணாச்சி ஏப்ரல் ஷீட்டை இரண்டு கையாலும் பிடித்து, பிரசாதம் கொடுப்பதுபோல அவர் முன்னால் நீட்டினார்.

ரூபி அதைப் பார்த்தார். சத்தம் ஒன்றும் போடவில்லை. அப்படியே திரும்பி, முகம் சுவரில் படுகிற மாதிரி போய் நின்றுகொண்டார்.

“மாலை சின்னதாப் போச்சோ” என்றார் அண்ணாச்சி மெதுவாக.

ஜெயராணி ஷீட்டைப் பிடுங்கிக் கவிழ்த்து மேஜை மேல் போட்டார். “என்ன அண்ணாச்சி செஞ்சு வச்சிருக்கீக? எடுக்கணும்னுல சொன்னேன்.”

“எடுக்கச் சொல்லலியேம்மா. கவனிச்சுக்கோங்கன்னுதான சொன்ன.”

ஜெயராணி பல வருஷமாக அங்கேயே இருந்ததில், அது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டார். பிறகுதான் விளக்கினார். அந்த ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் அவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். படத்தைக் காட்ட மாட்டார்கள். அவர் இருந்த வீட்டைக் கொஞ்ச காலம் விட்டு விலகிவிடுவார்கள். அதே பெயருள்ள வேறு ஆள் இருந்தால் அவரைக்கூட வேறு பெயரால்தான் கூப்பிடுவார்கள். முகமும் பெயரும் புழங்கிக்கொண்டே இருந்தால் போகிறவர் போக மாட்டார், இங்கேயே சுற்றிக்கொண்டு தவிப்பார் என்பது அவர்கள் எண்ணம்.

“அந்தப் படத்தை எடுத்ததும் ரூபிதான், காலண்டருக்குக் கொடுத்ததும் ரூபிதான். இது அங்கன போச்சுன்னா சொந்தக்காரங்க மூஞ்சியில முழிக்க முடியாது. அதைவிட, அண்ணன் நிம்மதியாப் போகலியேன்னு ரூபி சாகுற மட்டும் நினைச்சுக்கிட்டே கிடக்கும்.” ஷீட்டைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டினார். “முகத்துக்கு வெள்ளையடிச்சது யாரு?”

டிசைன் பையன் கழிப்பறைப் பக்கம் போய்விட்டான்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் மரியாதை செஞ்சேம்மா” என்றார்.

அடித்த ஷீட்டுகளைத் தனியாக ஒதுக்கி, இன்னொரு ஏப்ரல் அடிப்பது என்று முடிவானது. அப்போது சும்மா இருக்காமல் நான்தான் கேட்டேன். “அண்ணாச்சி, வேஸ்ட் ஷீட்டு?”

மிஷின் ஓடத் தொடங்கும்போது கலர் சேராமல் விழுகிற ஷீட்டுகளை எடைக்குப் போட்டுவிடுவோம். அவற்றை வாங்குகிறவர்கள் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவர்கள். எங்கள் பக்கத்து வெடியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே யாருடைய கல்யாணப் பத்திரிகையாவது இருக்கும்.

ஏப்ரல் வேஸ்ட் நாலு நாளைக்கு முன்பே போய்விட்டிருந்தது.

“ஏலே குருசாமி, வண்டியை எடு” என்றார் அண்ணாச்சி என்னிடம்.

குழாய்க்குள்

ஆமத்தூருக்கு இப்பால் ஒரு கிராமத்தில், அந்த வேஸ்டை வாங்கிப்போன மாரியம்மா வீடு. வீட்டு முற்றத்தில் மூன்று பெண்கள் உட்கார்ந்து இரும்புக் கம்பியில் காகிதத்தைச் சுற்றிப் பசை தடவி உருவிக்கொண்டிருந்தார்கள். சுற்றிய குழாய்கள் வெயிலில் காய்ந்தன. இங்கே மருந்து கிடையாது. வெறும் குழாய்தான். மருந்து அடைப்பது பட்டாசுக் கம்பெனியில்.

“வாங்கண்ணே, புது லோடா?” என்றார் மாரியம்மா.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். “வித்த கோழியை முட்டையோட கேக்கீக.”

காரணத்தைச் சொன்னதும் மூன்று பேரும் கம்பியைக் கீழே வைத்துவிட்டார்கள். காய்கிற குழாய்களைக் குனிந்து பார்த்தேன். ஒன்றில் தொப்பியின் விளிம்பு. ஒன்றில் தாடி. சுட்டிக்காட்டுகிற அந்த விரல் ஒரு குழாயைச் சுற்றி வளைந்து போயிருந்தது.

“இந்த ஆளா? நான் யாரோ சாமியார்னு நினைச்சேன்” என்றாள் மாரியம்மாவின் மகள்.

சுற்றாத ஷீட்டுகளையும் சுற்றிய குழாய்களையும் சாக்கில் போட்டுக் கொடுத்தார்கள். பதிலுக்கு வேறு வேஸ்ட் தருவதாக அண்ணாச்சி சொல்லிவிட்டிருந்தார். ஆனால் ஒரு சாக்கு முந்தின நாளே கம்பெனிக்குப் போயிருந்தது. அங்கே போய்க் கேட்டேன். மருந்து அடைத்து, திரி வைத்து, மற்ற வெடிகளோடு கலந்தாகிவிட்டது. போர்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“மருந்து ஏறின வெடியைப் பிரிச்சு மூஞ்சியைத் தேடணும்கீக. உங்க மூஞ்சி உங்களுக்கு வேணுமா வேண்டாமா?”

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. இதைச் சொல்வதா, எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடுவதா? சொல்லாவிட்டால் அந்த அம்மா நிம்மதியாக ஊருக்குப் போவார். ஆனால் போனது போனதுதான். அவர் நம்புகிறபடி பார்த்தால், நான் மறைப்பதால் அவருடைய அண்ணனுக்கு எந்த வழியும் பிறக்கப்போவதில்லை.

சொல்லிவிட்டேன். ஜெயராணி அதை அவர்கள் பாஷையும் இங்கிலீஷும் கலந்து சொன்னார். ரூபி கேட்டார். “அது எப்போ வெடிக்கும்?”

தெரியாது என்றேன். தீபாவளிக்கு வெடிக்கலாம். கல்யாணத்துக்கு, கோயில் கொடை விழாவுக்கு, எலெக்‌ஷனுக்கு. சாவுக்கும் வெடிப்போம்.

“சாவுக்கு எதுக்கு?”

எத்தனையோ சாவுக்கு முன்னால் வெடி போட்டு நடந்திருக்கிறேன். எதற்கென்று யாரும் கேட்டதில்லை.

“போறாகன்னு ஊருக்குத் தெரியணும்லா” என்றார் அண்ணாச்சி. அது சரியான பதில்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்ததுபோலத் தோன்றியது.

மாவும் சர்க்கரையும்

என்ன செய்வதென்று கேட்க ரூபி ஊரிலிருக்கும் தன் அத்தைக்குப் போன் போட்டார். சிக்னல் கிடைக்கவில்லை. அத்தையைத் தேடி யாரோ போயிருந்தார்கள். அந்த இடைவெளியில், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ரூபி பேசினார். ஜெயராணி தமிழில் சொன்னார். எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

அவருடைய தாத்தா காலத்தில் அவர்கள் ஓரிடத்தில் இருக்கவில்லை. எந்தப் பாறைக்கு அடியில் தண்ணீர் இருக்கும், எந்த மாதம் வற்றும், அடுத்தது எங்கே என்று தெரிந்து நடந்துகொண்டே இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் ஆடு மாடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஊருணி அளவுகூட இல்லாத அந்தச் சுனைகளை மந்தைகள் நாலு நாளில் குடித்துச் சேறாக்கின. வேலி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் போனால் துப்பாக்கி.

பிறகு பாதிரிமார்கள் வந்து மாதா கோயிலும் மணியும் வைத்தார்கள். அங்கே போனால் மாவு, சர்க்கரை, தேயிலை கொடுத்தார்கள். தண்ணீர் போன பிறகு வேறு எங்கே போவது? பக்கத்திலேயே தங்கினார்கள். பிள்ளைகளைப் பிரித்து விடுதியில் போட்டார்கள். சொந்த பாஷை பேசினால் அடி. ரூபி ஐந்து வயதில் உள்ளே போனவர். அம்மா வேலிக்கு வெளியே வந்து நிற்பாராம். அந்த அம்மாவின் முகம் இன்று ரூபிக்கு நினைவில் இல்லை. பாதிரியார் யாரோ எடுத்த பழைய போட்டோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

“செத்தவங்க படத்தைப் பாக்கக் கூடாது. ஆனா நான் எங்கம்மாவைப் படத்துலதான பார்த்தேன்” என்றாராம். ஜெயராணி இதை இரண்டு முறை சொன்னார்.

அதே காலத்தில் அரசாங்கம் அந்தப் பாலைவனத்தில் ராக்கெட் விட்டுப் பார்க்கத் தொடங்கியது. ஆள் இல்லாத இடம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் லாரியில் வந்து ஏற்றிக்கொண்டு போய் வேறு இடத்தில் இறக்கினார்கள். ரூபியின் அண்ணன் அப்போது சின்னப் பையன். வானத்தில் போன சத்தத்துக்குப் பயந்து மூன்று நாள் மணலுக்குள் தலையை வைத்துக் கிடந்தவராம். அவரை விடுதியில் பிடித்துப் போட முடியவில்லை. ஓடி ஓடிப் போய்விடுவார். அதனால் தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் அவருக்குத் தெரியும். படத்தில் அவர் காட்டிக்கொண்டிருந்தது ஒரு சுனையை.

“கடைசியில கிட்னி போயிருச்சு. சுகர். அங்கன பாதிப் பேருக்கு அதான். அன்னைக்கு மாவுக்கும் சர்க்கரைக்கும் வரிசை. இன்னைக்கு என் மிஷினுக்கு வரிசை” என்றார் ஜெயராணி. மிஷின் என்றால் ரத்தம் சுத்தம் செய்கிற மிஷின்.

நானும் மதியச் சோற்றுக்காகத்தான் பள்ளிக்கூடம் போனேன். ஆறாவதில் நின்றுவிட்டேன். யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை, யாரும் தேடவும் இல்லை. இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

போன் அடித்தது. அத்தை.

வெகுநேரம் பேசினார்கள். அத்தையின் குரல் வெளியே கேட்டது. இருமிக்கொண்டே பேசினார். போனை வைத்த பிறகு ரூபி ஜெயராணியிடம் சொன்னார். ஜெயராணி எங்களிடம் திரும்பினார்.

“அத்தைக்கும் தெரியலியாம். எங்க காலத்துல காகிதம் ஏது, மண்ணுல விழுந்த தடத்தை அழிப்போம், அம்புட்டுதான்னு சொல்லுதாக. உனக்குத் தெரிஞ்சதைச் செய்யின்னுட்டாக. ரூபி கேக்குது, எனக்கு என்ன தெரியும், ஊர்ல சாவு விழுந்தப்பல்லாம் நான் விடுதியில ஜெபம் படிச்சிக்கிட்டிருந்தேன்னு.”

தீ வைக்க ஓர் இடம்

எரித்துவிடலாம் என்று ரூபி முடிவு செய்தார். முன்பெல்லாம் இறந்தவருடைய பொருள்களை எரிப்பார்கள் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

தீப்பெட்டியும் வெடியும் செய்து அனுப்புகிற ஊரில் ஒரு தீ மூட்ட இடம் கிடைக்கவில்லை. பிரஸ்ஸுக்குப் பின்னால் வைக்கலாமா என்றால், “ஏலே, அங்கன காகித குடோன்” என்றார் அண்ணாச்சி. அடுத்த காலிமனைக்குப் பக்கத்தில் வெடி குடோன். அதற்கடுத்து, தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலை. லோடு ஆட்டோவில் சாக்குகளோடும் கட்டுகளோடும் சுற்றினோம். போகிற இடமெல்லாம் யாராவது ஓடி வந்து, “என்ன செய்யப் போறீக?” என்று மறித்தார்கள். கடைசியில் வறண்ட கண்மாய் ஒன்றின் நடுவில், சுற்றிலும் வெறும் கட்டாந்தரையாக இருந்த இடத்தில் இறக்கினோம்.

ரூபி எங்களைத் திரும்பி நிற்கச் சொன்னார். முகங்கள் எரிவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று. அப்படிச் செய்வது வழக்கமா என்று அண்ணாச்சி கேட்டார். தெரியாது, சரியென்று படுகிறது என்று பதில் வந்தது.

கரையைப் பார்த்து நின்றோம். முதுகில் சூடு ஏறியது. காகிதம் எரிகிற சத்தத்தோடு ரூபி என்னமோ முணுமுணுத்தார். பாட்டா, ஜெபமா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அண்ணாச்சி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார்.

அணைந்த பிறகு ரூபி வேப்பங்கொத்து ஒன்று கேட்டார். கரையில் ஏறி ஒடித்துக் கொடுத்தேன். அதை வைத்துச் சாம்பலைச் சுற்றிலும் இருந்த காலடித் தடங்களை, எங்களுடையவற்றையும் சேர்த்து, பின்னால் நடந்துகொண்டே கூட்டி அழித்தார்.

வண்டியில் ஏறும்போது, அந்தக் கம்பெனிக்குப் போன குழாய்களைப் பற்றி அண்ணாச்சியே கேட்டார். “அதுக்கு என்னம்மா செய்ய?”

ரூபி கொஞ்சம் யோசித்துவிட்டு ஏதோ சொன்னார்.

“சத்தம்னாலே அவனுக்கு ஆகாது, முதல் வெடிக்கே ஓடிப் போயிருவான்னு சொல்லுது” என்றார் ஜெயராணி. பிறகு ரூபியின் முகத்தைப் பார்த்தார். “ஜோக்காச் சொல்லுதா, நெசமாச் சொல்லுதான்னு எனக்கே தெரியல.”

ரூபி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர்களை ஆமத்தூருக்கு அனுப்பிவிட்டு பிரஸ்ஸுக்கு வந்ததும், புது ஏப்ரலுக்குப் பாறைப் படம் ஒன்றை மிஷினில் ஏற்றினார்கள். அண்ணாச்சியின் தலைக்கு மேலே அவருடைய அப்பா, சின்ன பல்பு எரிய, சந்தன மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்கப்பாவும் இன்னும் போகலியோ” என்றார் என்னிடம்.

போர்வையை மடித்தேன். “சீசன் முடியலியேலே, எங்க கிளம்புற?” என்றார். சும்மா ஒரு நடை என்றேன்.

சுவர்

அப்படித்தான் அந்த ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். என் அம்மா அப்பா இரண்டு பேருக்கும் படம் கிடையாது. எடுத்து வைக்க வீடு இருந்ததில்லை. அவர்கள் நன்றாகப் போய்விட்டார்கள் என்று இதற்கு அர்த்தமா? யாரிடம் கேட்பது? ஆமத்தூர் தாண்டும்போது எங்கேயோ ஒரு சரவெடி கேட்டது. நின்றேன். கல்யாண வீடாக இருக்கும். முடிகிறவரை நின்றுவிட்டு நடந்தேன்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் டீக்கடையில் ஒருவர் சுவரொட்டி ஒட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். சரி என்றேன். ஏணியும், மைதா மாவில் காய்ச்சிய பசை வாளியும் கைக்கு வந்தன. பசை இன்னும் சுடச்சுட இருந்தது. சுவரொட்டியைப் பிரித்தால், முந்தின நாள் இறந்துபோன மளிகைக் கடைக்காரர் ஒருவர். ரோஜா மாலை, குத்துவிளக்கு. முகத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள்.

பசை தடவுவதற்குச் சுவரொட்டியைக் குப்புறப் போட வேண்டும். முகம் தரையைப் பார்த்துக் கிடந்தது. தடவி முடித்த பிறகும் அதைத் தூக்காமல் நின்றேன்.

“பசை காயுதுல்லா, எதை ரோசிக்க?” என்றார் என்னைக் கூட்டிவந்தவர்.

தூக்கி, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பி, சுவரில் வைத்து நீவினேன். மொட்டைத் தலையோடு ஒருவர் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். இறந்தவரின் மகன். மறுநாள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு போகிறவர். கொஞ்சநேரம் அந்த முகத்தைப் பார்த்தார்.

“அண்ணே, இன்னுங் கொஞ்சம் மேல ஒட்டுங்க. பஸ்ஸுல போறவுக கண்ணுல அப்பா படணும்.”

ஒட்டியதை ஈரத்தோடு உரித்து எடுத்துக்கொண்டு, ஏணியில் இரண்டு படி மேலே ஏறினேன்.